முற்றத்தில் ஒரு கள்ளிக் குடும்பம்

காவிரிக்கு அக்கரையில் பவானி, இக்கரையில் குமாரபாளையம். விடிந்தது முதல் விசைத்தறிகளின் ஓசை ஓயாத ஊர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பல வீடுகளில் முன்புறமே தறிக்கூடம். அதுபோக எஞ்சுவது சிறியதொரு முற்றமும் மேலே மொட்டைமாடியும் மட்டுமே. சித்திரை, வைகாசி வெயிலில் மாடித் தளம் அடுப்புக்கல்லாய்க் கொதிக்கின்றது. ரோஜா கருகுகின்றது, மல்லிகை மூச்சுத் திணறுகின்றது. இத்தகைய இல்லத்தில் எந்தச் செடியைத்தான் வளர்ப்பது என்று கேட்கும் குடும்பங்களுக்கு, எம் முற்றத்தில் நாம் கண்டறிந்த ஒன்றைச் சொல்ல விழைகின்றோம். அது கள்ளி. அதிலும் தாயைச் சுற்றிக் குட்டிகள் ஒட்டி வளரும் கொத்துக் கள்ளி.

அதைச் சொல்லுமுன் எம் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் கிடைத்த கள்ளியை நாமே கொன்றோம். வறட்சியால் அன்று, அன்பினால்.

வேற்றூருக்கு மாற்றலாகிச் சென்ற வயது முதிர்ந்த அருட்சகோதரி ஒருவர், தாம் பல்லாண்டு வளர்த்த கள்ளியை ஒரு மண்தொட்டியோடு எம் இல்லத்தில் விட்டுச் சென்றார். தேங்காய் அளவில் ஒரு தாய். அதன் அடியிலும் தோளிலும் நெல்லிக்காய் அளவில் எட்டுக் குட்டிகள். "இதை மறந்தால் பிழைக்கும், ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்தால் சாகும்" என்று சொல்லிச் சிரித்தார். நாம் அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டோம். அவர் நினைவாக நம்மிடம் இருப்பது இது ஒன்றுதானே என்று, காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு நீர் வார்த்தோம். ஐப்பசி அடைமழையிலும் தொட்டி வெளியிலேயே நின்றது. கார்த்திகை பிறந்தபோது, பச்சைப் பசேலென்றிருந்த தாய் ஒருநாள் பழுப்பேறிச் சாய்ந்தது. தொட்டுப் பார்த்தோம். உள்ளே கூழாகியிருந்தது. மேல்தோளில் இருந்த ஒரு குட்டி மட்டும் கெட்டியாய் இருந்தது. அதனைக் கிள்ளி எடுத்து உலர்த்தி நட்டதன் வழியே வந்ததுதான் இன்று எம் முற்றத்தில் உள்ள குடும்பம்.

எது கள்ளி?

கள்ளி வளர்க்கப் போகின்றோம் என்றதும் பல இல்லங்களில் பெரியோர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. கள்ளி என்ற சொல் நம் வட்டாரத்தில் ஒரு கொடிய நினைவைத் தாங்கி நிற்கின்றது. பெண்ணாய்ப் பிறந்த பச்சிளம் சிசுக்களுக்குக் கள்ளிப்பால் புகட்டிய அவலம் நம் மாவட்டங்களில் நிகழ்ந்தது. அதனைத் தடுப்பதற்காகவே, அந்நாளில் நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில், 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. இதனை நம் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பால் வடியும் செடி வேறு. இங்கு நாம் கூறும் செடி வேறு. நம் மலையடிவாரங்களிலும் புறம்போக்குகளிலும் காணும் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் வெண்பால் வடியும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட முட்கள்ளிகளாகிய 'காக்டஸ்' குடும்பத்தில் பெரும்பாலானவற்றைக் கீறினால் நிறமற்ற சாறே கசியும். இன்னொரு அடையாளமும் உண்டு. முட்கள்ளியின் முட்கள் தண்டிலிருந்து நேரே முளைப்பதில்லை. பஞ்சு வைத்தாற்போன்ற சிறு மெத்தை ஒன்றிலிருந்து கொத்தாக எழும். அந்த மெத்தையைக் கண்டால் அது காக்டஸ் என்று உறுதி கொள்ளலாம்.

இவற்றின் தாயகங்களுள் தலைசிறந்தது மெக்சிகோ நாடு. 1531-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் குளிரில், எளிய குடியானவரான புனித யுவான் தியேகோவுக்குக் குவாதலூப்பே அன்னை காட்சி தந்ததாக நாம் போற்றும் தெபெயாக் குன்று, இத்தகைய முட்செடிகள் நிறைந்த வறண்ட குன்றே. அங்கே அவர் மலர்களைக் கண்டு வியந்ததன் பொருள், கள்ளி வளரும் மண்ணை அறிந்தவருக்கு நன்கு விளங்கும்.

சாயத்துக்காக வந்த கள்ளி

நம் ஊர் நூலுக்கும் சாயத்துக்கும் பேர்போன ஊர். முட்கள்ளி நம் நாட்டில் பரவிய வரலாற்றிலும் சாயத்துக்கே பெரும் பங்குண்டு என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும்.

சப்பாத்திக்கள்ளியின் மடல்களில் ஒட்டி வாழும் ஒருவகைச் சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் ஒளிமிக்க செந்நிறச் சாயம் கிடைக்கும். ஒரு பவுண்டு உலர்பூச்சிக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். இவ்வணிகம் பல காலம் ஸ்பானியரின் கையில் இருந்தது. அதனை வெல்லக் கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தியாவிலும் அப்பூச்சியை வளர்க்க முயன்றது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் சைதாப்பேட்டையில் இதற்கெனவே ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகள் வந்தன. அங்கிருந்து சென்னைக்கும் வந்தன. ஆனால் வந்தது எதிர்பார்த்த உயர்ந்த இனமன்று. சாயமும் தரமாக அமையவில்லை, ஆசையும் நிறைவேறவில்லை.

சாயத் தொழில் தோற்றது; கள்ளி தோற்கவில்லை. வேலிக்காக நட்ட சப்பாத்திக்கள்ளி வகைகள் வேலியைத் தாண்டின. மேய்ச்சல் நிலத்தையும் வண்டித் தடத்தையும் விழுங்கின. ஒடிந்து விழுந்த ஒரு மடல் போதும், அது வேரூன்றிப் புதராகும். பழத்தை உண்ட பறவைகளும் விதையைப் பரப்பின. இறுதியில் 1926-இல், அக்கள்ளியையே உண்டு வாழும் வேறோர் இனச் சாயப்பூச்சியை இலங்கையிலிருந்து கொணர்ந்து விட்டனர். சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியாவின் பரந்த கள்ளிக்காடுகள் வாடி மறைந்தன.

இதிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வேற்று மண்ணின் செடியை வளர்ப்போர், அது தம் சுவருக்குள் நிற்கின்றதா என்று பார்த்துக்கொள்ளும் கடமையும் உடையவர். மடல் மடலாய் ஒடிந்து பரவும் சப்பாத்திக்கள்ளியைக் காவிரிக் கரையிலோ காலி மனையிலோ வீசியெறிதல் ஆகாது. தாயோடு ஒட்டி நிற்கும் கொத்துக் கள்ளிக்கு அந்த ஊர் சுற்றும் குணம் இல்லை. எமது பரிந்துரைக்கு அதுவும் ஒரு காரணம்.

பனியில் பிழைக்கும் வித்தை

கள்ளி என்றதும் சுடுமணலையே நினைக்கின்றோம். ஆனால் உறைபனியில் வாழும் கள்ளிகளும் உண்டு. வட அமெரிக்காவின் ராக்கி மலைச் சாரல்களில் 'எக்கினோசீரியஸ்' என்ற கொத்துக் கள்ளி வளர்கின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட தண்டுகள் நெருங்கி, ஒரு மேடு போலத் திரண்டு நிற்பதும் உண்டு. அதன் பூ ஆழ்ந்த செந்நிறம், கிண்ண வடிவம். ஆகவே அந்நாட்டார் அதனைச் செந்திராட்சை இரசக் கிண்ணம் என்ற பொருளில் அழைக்கின்றனர். கொலராடோ மாநிலம் 2014-இல் இதனைத் தன் மாநிலக் கள்ளியாக அறிவித்தது. பெயரின் பிற்பகுதியாகிய 'சீரியஸ்' என்பது மெழுகுதிரியைக் குறிக்கும் இலத்தீன் சொல். பாஸ்கா திரிக்கும் இலத்தீன் திருவழிபாட்டில் அதே சொல்தான் வழங்குகின்றது.

உறைநிலைக்கும் மிகக் கீழே குளிர் இறங்கும்போது இச்செடி எவ்வாறு உயிர் தாங்குகின்றது? குளிர்காலம் நெருங்கும்போதே அது தன் உடலிலுள்ள நீரைக் குறைத்துக்கொள்கின்றது. செழித்திருந்த தண்டு சுருங்கி, மண்ணோடு மண்ணாய்ப் படிகின்றது. பார்ப்பவர் செத்தது என்பர். ஆனால் நீர் குறைந்து சாறு செறிவதால், உள்ளே பனிக்கட்டி உறைந்து திசுக்களைக் கிழிப்பதில்லை. வசந்தத்தில் நீர் கண்டதும் மீண்டும் நிமிர்கின்றது. அந்நாட்டுத் தோட்டக்காரர் கூறுவதும் இதுவே: குளிரை விட, குளிரோடு கூடிய ஈரமே கள்ளியைக் கொல்லும்.

நம் சமவெளியில் மார்கழியிலும் உறைபனி இல்லை. குளிர்கால ஓய்வை வேண்டும் ராக்கி மலைக் கள்ளி இங்கே நன்கு பூக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதன் பாடம் நமக்கும் பொருந்தும். அங்கே குளிரும் ஈரமும் பகை. இங்கே அடைமழையும் தேங்கும் நீரும் பகை. வெயிலை அது தாங்கும். நாம் வார்க்கும் தேவையற்ற நீரைத்தான் தாங்காது.

நம் முற்றத்துக்கு ஏற்றது 'எக்கினாப்சிஸ்' என்னும் இனம். அருட்சகோதரி எமக்குத் தந்ததும் இதுவே. தெற்கு பிரேசில், உருகுவாய், வட அர்ஜெண்டினாப் பகுதிகளைச் சேர்ந்தது. சிறிதளவு உறைபனியையும் தாங்கும். நம் கோடையையும் தாங்கும். உருண்டை வடிவம், வரிவரியான விலா, அடியைச் சுற்றிக் குட்டிகள். ஆங்கிலத்தில் இதனை உயிர்ப்பு விழா லீலிக் கள்ளி என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். சிறு குட்டிகளைப் பஞ்சு மூட்டையாய்க் குவிக்கும் 'மாமில்லேரியா' வகைகளும் நமக்கு உகந்தவையே.

வளர்க்கும் முறை

முதலாவது, மண். தோட்டத்து மண்ணை மட்டும் இட்டால் நீர் நின்றுவிடும். செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலையுரம் ஒரு பங்கு, பருமணலும் பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டுகளும் சேர்ந்து இரண்டு பங்கு எனக் கலக்க வேண்டும். ஒரு கைப்பிடி ஈரக் கலவையை இறுகப் பிடித்து விட்டால் அது உருண்டையாய் நிற்காமல் உதிர வேண்டும். அதுவே பதம்.

இரண்டாவது, இடம். தொட்டியானால் அகலமான மண்தொட்டியே நன்று. அடியில் துளை அவசியம். முற்றத்துத் தரையில் வைப்பதானால், செங்கல் அடுக்கி ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடலாம். செடியின் கழுத்தைச் சுற்றி ஓர் அங்குலம் பொடி ஜல்லி பரப்பினால் அடித்தண்டு உலர்ந்திருக்கும். காலை வெயில் முழுதும் படட்டும். சித்திரை, வைகாசியில் நண்பகலுக்கு மேல் சிறிது நிழல் கிடைப்பது நலம். நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென மொட்டைமாடி வெயிலில் வைத்தால் தோல் வெளுத்துத் தீய்ந்துவிடும். இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

மூன்றாவது, நீர். எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கின்றது. கள்ளி பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளுமையில் திறந்து மூச்சு வாங்கும் செடி. பகல் வெயிலில் நீரை வீணாக்காதிருக்க இறைவன் அதற்கு அளித்த வரம் இது. அத்தகைய சிக்கனச் செடிக்கு நாள்தோறும் நீர் எதற்கு? ஈர்க்குச்சி ஒன்றை மண்ணில் இரண்டு அங்குலம் செருகி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் நீர் வேண்டாம். ஒட்டாமல் வந்தாலும் இரண்டு நாள் பொறுத்து, தொட்டியின் துளை வழியே வடியுமளவு ஒருமுறை வாருங்கள். கோடையில் வாரத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி முதல் மார்கழி வரை, மழை நேரத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்துங்கள். மேடையில் உள்ளதற்குக் கண்ணாடிக் கூரைத்தகடு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அம்மாதங்களில் செடி சற்றே சுருங்கினாலும் இரக்கப்பட்டு நீர் ஊற்றாதீர்கள். ராக்கி மலைக் கள்ளியை நினைவுகூருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஊரிலும் பள்ளிபாளையத்திலும் சாயக்கழிவு கலந்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறியுள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரையே வார்த்து வந்தால் தொட்டியின் விளிம்பில் வெண்ணிற உப்பு படியும், வேர் நலியும். மாடியில் விழும் மழைநீரை ஒரு குடத்தில் சேர்த்து மூடி வைத்தால், கள்ளியின் சிறு தேவைக்குப் பல வாரங்கள் வரும்.

நான்காவது, குட்டி பிரித்தல். குட்டி எலுமிச்சை அளவு ஆகுமுன் பிரிக்கலாகாது. செய்தித்தாளைப் பலமுறை மடித்துப் பட்டையாக்கி, அதனைக் குட்டியைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் முள் குத்தாமல் கையோடு வரும். உடனே நடாதீர்கள். நிழலில் ஒரு வாரம் உலர விட்டால் காயத்தின்மேல் தோல் படரும். பின்னர் மண்மேல் அமர்த்தினாற்போல் ஆழமின்றி நட்டு, மேலும் ஒரு வாரம் சென்றபின் நீர் காட்டலாம். காயம் ஆறாமல் நட்ட குட்டி அழுகும்.

ஐந்தாவது, நோய். விலாக்களின் இடுக்கில் வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி தோன்றும். சாயப்பூச்சிக்கு இது தூரத்து உறவு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் போதும். அடித்தண்டில் பழுப்பு கண்டால் தயங்காமல், வெண்மையும் பசுமையுமான நல்ல சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவி, கந்தகத் தூள் தூவி உலர்த்துங்கள். மேற்பாதியேனும் பிழைக்கும். தவழும் குழந்தைகள் உள்ள இல்லத்தில் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பூத்த இரவு

எஞ்சிய அந்த ஒரு குட்டியை நட்டு நான்கு ஆண்டுகள் சென்றன. அது தாயாகி, தன்னைச் சுற்றி ஆறு குட்டிகளை ஈன்றது. பூ மட்டும் வரவில்லை. உரம் போதவில்லையோ, நீர் போதவில்லையோ என்று பழைய ஆசை மீண்டும் தலைதூக்கியது. இம்முறை கையைக் கட்டிக்கொண்டோம்.

ஒரு சித்திரையில், உயிர்ப்புப் பெருவிழா முடிந்த இரண்டாம் வாரம், கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. சில நாட்களில் விலாவின் ஒரு மெத்தையில் கம்பளி சுற்றியது போன்ற மொட்டுத் தலைகாட்டியது. அது நாளுக்கு நாள் நீண்டு, ஒரு சாண் குழலாயிற்று. ஒருநாள் மாலைச் செபமாலை முடித்து எழுந்தபோது முற்றத்தில் மெல்லிய மணம். இளஞ்சிவப்பு கலந்த வெண்ணிறத்தில், விரித்த உள்ளங்கையளவு அகன்று அப்பூ நின்றது. தறியை நிறுத்திவிட்டு அண்டை வீட்டாரும் வந்து பார்த்தனர். கள்ளி வேண்டாம் என்று சொல்லி வந்த பாட்டியம்மா ஒருவர், நெடுநேரம் பேசாமல் நின்று பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு குட்டி எடுத்து வை, கண்ணு" என்றார். மறுநாள் நண்பகலுக்குள் பூ துவண்டது. நான்கு ஆண்டுக் காத்திருப்புக்கு ஓர் இரவும் ஒரு காலையும். ஆயினும் எமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

அருட்சகோதரிக்கு அன்றே மடல் எழுதினோம். அவர் தந்த தாய்ச்செடி செத்த செய்தியை அதுவரை மறைத்திருந்தோம், அதையும் எழுதினோம். அவரிடமிருந்து வந்த பதிலில் தாய்ச்செடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குட்டிகள் எத்தனை என்று மட்டும் கேட்டிருந்தார்.

வாசக அன்பர்களே, மறந்தால் பிழைக்கும் என்று அவர் சொன்னதன் உட்பொருள் இப்போது விளங்குகின்றது. அவர் மறக்கச் சொன்னது செடியையன்று. செடிக்கு நாம் இல்லாவிடில் ஒன்றும் நடவாது என்ற நம் எண்ணத்தை. பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் இது தெரியாததன்று. கேட்குமுன் கொடுப்பதும், கொடுத்ததன்மேல் கொடுப்பதும் அன்பின் அடையாளம் என்று எண்ணி, வேரை அழுகச் செய்யும் இல்லங்கள் நம்மிடையே இல்லையா? அதற்காகக் கைவிடுவதும் அன்பாகாது. நாள்தோறும் பார்த்தல், வேண்டியபோது நிறைவாகக் கொடுத்தல், வேண்டாதபோது கையை அடக்குதல். தவக்காலத்தில் திருச்சபை நமக்குப் பழக்குவதும் இந்த அடக்கத்தைத்தானே!

வரும் தை மாதத்தில், மழை ஓய்ந்தபின், உங்கள் முற்றத்திலும் ஒரு மண்தொட்டியை ஆயத்தம் செய்யுங்கள். கள்ளி வைத்திருக்கும் இல்லத்தாரிடம் ஒரு குட்டி கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். அது வளர்ந்து குட்டி ஈன்றதும் நீங்களும் ஒருவருக்குக் கொடுங்கள். எம் முற்றத்திலிருந்து இதுவரை பதினோரு குட்டிகள் பதினோரு இல்லங்களுக்குச் சென்றுள்ளன. ஒவ்வொன்றோடும் அருட்சகோதரியின் அந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்தே அனுப்பி வருகின்றோம்.